கட்டிய மாடலை விட்டு வருவது

ஒரு அறிக்கை எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அறிக்கை அப்படியே இருக்கும். ஒரு மென்பொருள் எழுதியவர் போனால், பிறகு ஏதாவது உடையும்போது பெரும்பாலும் பிழைச் செய்தி வரும், யாராவது ஓடிவந்து பார்ப்பார்கள். கணிப்பு மாடல் அப்படியில்லை. உள்ளே வரும் டேட்டா மாறிக்கொண்டே இருக்கும். மாடலோ தனக்குக் கற்றுக்கொடுத்த பழைய காலத்தை வைத்துக்கொண்டு தினமும் ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. கட்டியவருக்கு மட்டும்தான் வரும். அவரும் போய்விட்டால்?

சந்தா முறையில் இயங்கும் ஒரு சேவை நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்தக்கூடும் என்று சொல்லும் மாடல் ஒன்று, வாடிக்கையாளர் சேவைக்கு அடுத்த வாரம் எத்தனை அழைப்புகள் வரும் என்று கணிக்கும் மாடல் ஒன்று. இரண்டையும் அடியிலிருந்து கட்டியது நான்தான். வேறு வேலை கிடைத்து நோட்டீஸ் கொடுத்ததும் என் காலண்டர் முழுக்க கே.டி. சந்திப்புகளாக, அதாவது தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சந்திப்புகளாக, நிரம்பியது. எல்லாமே நிரலை விளக்கும் சந்திப்புகள். நிரல்தான் இதில் சுலபமான பகுதி. படிக்கத் தெரிந்தவர் படித்துப் புரிந்துகொள்வார். நிரலில் இல்லாத விஷயங்கள் என் தலைக்குள் எவ்வளவு இருக்கின்றன என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

உதாரணமாக, சந்தா மாடலில் 0.37 என்று ஒரு கட்-ஆஃப் இருந்தது. அதற்கு மேல் மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியல் திங்கட்கிழமைதோறும் தொலைபேசிக் குழுவுக்குப் போகும். நிரலைப் பார்க்கும் எவரும் அது ஏதோ புள்ளியியல் முறையில் வந்த எண் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில், அந்தக் குழுவால் ஒரு வாரத்தில் எத்தனை பேரை அழைக்க முடியும் என்பதை வைத்து வந்த எண் அது. கட்-ஆஃபை ஏற்றினால் குழுவுக்கு வேலை இல்லாமல் போகும். இறக்கினால் பட்டியல் நீண்டுவிடும். மேலிருந்து வரிசையாக அழைப்பதை விட்டுவிட்டு, எளிதாகப் பேசக்கூடிய வாடிக்கையாளர்களை முதலில் அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். புதிதாக வரும் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் எஃப்1 மதிப்பை (கணிப்பின் தரத்தைக் காட்டும் ஒரு அளவு) உயர்த்தும் வேறு எண்ணைக் கண்டுபிடித்து இதை மாற்றுவார். கணக்குப்படி அவர் செய்தது சரியாகவே இருக்கும். பட்டியல் மட்டும் யாருக்கும் உதவாததாகிவிடும்.

அதனால் நிரலில் இருந்த ஒவ்வொரு நிலையான எண்ணையும் எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதினேன். மூன்றே வகைதான்: கணக்கிட்டது, ஒரு குழுவோடு பேசி முடிவு செய்தது, ஊகத்தில் வைத்தது. மூன்றாவது வகையை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்தவருக்கு மிகவும் உதவுவது அதுதான். எந்த எண்ணைத் தயங்காமல் மாற்றிப் பார்க்கலாம், எதை மாற்றுமுன் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 0.37-க்கு எதிரே, "குழுவில் ஆள் கூடினாலோ குறைந்தாலோ மாற்றவும், மாடலை மறுபடி பயிற்றுவித்தால் புதிதாகக் கணக்கிடவும், பழைய எண்ணை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்" என்று எழுதி வைத்தேன். மறுபயிற்சிக்குப் பிறகு மதிப்பெண்கள் பரவியிருக்கும் விதமே மாறிவிடும். முந்தைய மாடலில் 0.37 எத்தனை பேரைக் கொடுத்ததோ, அதே அளவு புதியதிலும் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைவிட எனக்குக் கவலையாக இருந்தது கன்ட்ரோல் குழு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டியவர் போனதும் முதலில் வெட்டுப்படுவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார் என்று மாடல் சொல்கிறது. குழு அழைக்கிறது, அவர் குறையைத் தீர்க்கிறது, அவர் தங்கிவிடுகிறார். நல்லது. சில மாதங்கள் கழித்து அந்தக் காலத்து டேட்டாவை வைத்து மாடலை மறுபடி பயிற்றுவிக்கிறோம். டேட்டா என்ன சொல்லும்? "இந்த மாதிரி வாடிக்கையாளர்கள் போவதில்லை" என்று சொல்லும். மாடல் அதை நம்பி அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுக்கும். அவர்கள் பட்டியலிலிருந்து விழுவார்கள், அழைப்பு போகாது, அப்புறம் உண்மையாகவே போய்விடுவார்கள். அதாவது மாடல் நன்றாக வேலை செய்ததே அதன் அடுத்த பதிப்பைக் கெடுக்கிறது. இதைத் தவிர்க்க, பட்டியலில் வருபவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு அழைப்பு போகாமல் தனியே வைத்தோம். அதுதான் கன்ட்ரோல் குழு. மாடல் சொன்னது சரியா, அழைப்பால் ஏதாவது பயன் இருக்கிறதா என்ற இரண்டையும் அளப்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி அவர்கள்தான்.

ஆனால் இதைப் பாதுகாப்பது கடினம். "போகப் போகிறார் என்று தெரிந்துமா அழைக்காமல் விடுகிறோம்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். நியாயமான கேள்வி, கேட்பவர்மேல் தப்பே இல்லை. நான் இருந்தவரை ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லி வந்தேன். நான் போன பிறகு விளக்க யார்? ஆவணத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது என்று தெரிந்தது. அதனால் இரண்டு காரியம் செய்தேன். கன்ட்ரோல் குழுவின் அளவையும் காரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, மார்க்கெட்டிங் தலைவரிடம் பேசி, அவர் பெயரிலேயே ஒப்புதல் வாங்கினேன். இனிமேல் அதை நீக்க வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். இன்னொன்று, மேலிடத்துக்குப் போகும் மாத அறிக்கையின் முதல் வரியையே மாற்றினேன்: "அழைப்பு போனவர்களில் தங்கியவர்கள், அழைப்பு போகாதவர்களில் தங்கியவர்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்." கன்ட்ரோல் குழுவை நீக்கினால் அந்த வரி வெறுமையாகிவிடும். வெறுமையாக வரும் வரியைப் பற்றி யாராவது கேட்டே தீருவார்கள்.

உங்கள் மாடலில் நீங்கள் நேரில் வாதாடிக் காப்பாற்றி வந்த விஷயம் ஏதாவது இருக்கும். வேலை மாறுவது உறுதியானதும் அதை முதலில் கண்டுபிடித்து, நீங்கள் இல்லாமலும் நிற்கும்படி ஏதாவது ஒன்றோடு கட்டி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தெந்த வேலை உங்கள் பெயரில் ஓடுகிறது என்பது. கேட்க அற்பமாக இருக்கும். அழைப்புகளைக் கணிக்கும் மாடல் என் சொந்த பயனர் கணக்கில் ஒவ்வொரு இரவும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் சோதனைக்கு அப்படி வைத்து, பிறகு அதுவே நிலைத்துவிட்ட அமைப்பு. நான் கிளம்பும் நாளில் அந்தக் கணக்கை மூடுவார்கள். மூடியதும் வேலை நின்றுவிடும், ஆனால் அட்டவணையில் கடைசி நாள் கணிப்புகள் அப்படியே இருக்கும். டாஷ்போர்டு அதை எடுத்து அழகாக வரைந்து காட்டும். நின்றுபோனது தெரியவே சில வாரங்கள் ஆகலாம். எல்லாவற்றையும் பொதுவான சேவைக் கணக்குக்கு மாற்றினோம். அதோடு, கணிப்பு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தை டாஷ்போர்டின் தலையிலேயே பெரிதாகப் போட்டோம். மாற்றிய பிறகு இன்னொன்றும் செய்யலாம், நான் செய்தேன்: கிளம்புவதற்கு முன்பே என் கணக்கைச் சில நாட்கள் முடக்கி வைக்கச் சொல்லிக் கேட்டேன். என்னவெல்லாம் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய நான் பக்கத்திலேயே இருந்தேன். விடுமுறை நாட்களின் கோப்பு ஒன்றை ஆண்டுதோறும் கையால் நிரப்புவது என் வழக்கம் என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது.

மாடலின் வெளியீட்டை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதும் இதே மாதிரிதான். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் இயந்திரக் கற்றல் அமைப்புகளில் மறைந்திருக்கும் தொழில்நுட்பக் கடன் (இப்போதைக்கு விட்டுவைத்து, பிறகு விலை கொடுக்க வைக்கும் குறைகள்) பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையில், அறிவிக்காமல் பயன்படுத்துபவர்களை ஒரு தனி ஆபத்தாகவே குறிப்பிட்டிருந்தார்கள். அட்டவணையின் அணுகல் பதிவை எடுத்துப் பார்த்தால் போதும். எங்கள் சந்தா மதிப்பெண்ணை நிதிப் பிரிவில் ஒருவர் வருவாய்க் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தது அதில்தான் தெரிந்தது. அவரிடம் போய் அந்த மதிப்பெண்ணை நிகழ்தகவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வரிசைப்படுத்த மட்டுமே அது பயன்படும் என்று விளக்கினேன். 0.6 என்றால் நூற்றில் அறுபது பேர் போவார்கள் என்று அர்த்தமில்லை. அப்படி அர்த்தம் வர வேண்டுமானால் அதைத் தனியாகச் சரிப்படுத்தியிருக்க வேண்டும்.

மாடல் கோப்பைச் சேமித்துக் கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. மாடல் கட்ட உதவும் சைகிட்-லேர்ன் போன்ற பைத்தான் நிரல் நூலகங்களில், பிக்கிள் என்ற கோப்பு முறையில் சேமித்த மாடல், வேறு பதிப்பில் ஒழுங்காகத் திறக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. சைகிட்-லேர்னின் ஆவணமே அதைச் சொல்கிறது. திறக்காமல் போவதைவிட, திறந்து வேறு விடை கொடுப்பதுதான் மோசம். அதனால் நூலகங்களின் பதிப்பு எண்கள், பயிற்சிக்குப் பயன்படுத்திய டேட்டாவின் நகல், பயிற்சிக்கும் சோதனைக்கும் அதைப் பிரித்த விதம், சீட் எண் (குலுக்கல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வைப்பது), எல்லாவற்றையும் ஒன்றாக நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வையுங்கள். கூடவே ஒரு சிறு சோதனைத் தொகுப்பும் வையுங்கள்: இந்தச் சில வரிசைகளைக் கொடுத்தால் இந்த மதிப்பெண்கள் வர வேண்டும். புதியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, எண்கள் பொருந்தினால்தான் மேலே போக வேண்டும்.

ஆவணத்தின் வடிவத்துக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மார்கரெட் மிட்செல், டிம்னிட் கெப்ரு உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் முன்வைத்த மாடல் கார்டு நல்ல எலும்புக்கூடு: எதற்காகக் கட்டியது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எந்த டேட்டாவில் சோதித்தது, எந்தப் பிரிவினரிடம் சரியாக வேலை செய்யவில்லை. வங்கிகளிடம் இதைக் கண்காணிப்பு அமைப்புகளே எதிர்பார்த்திருக்கின்றன. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-இல் வெளியிட்ட மாடல் அபாய வழிகாட்டல், மாடலைப் பற்றி முன்பின் தெரியாதவரும் அது எப்படி இயங்குகிறது, அதன் எல்லைகள் என்ன என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆவணம் இருக்க வேண்டும் என்றது. நான் இதோடு இரண்டு பகுதிகள் சேர்த்தேன்.

ஒன்று, செய்து பார்த்துத் தோற்றவை. வானிலையைச் சேர்த்துப் பார்த்தோம், பயனில்லை. நியூரல் நெட்வொர்க் என்ற வேறு வகை மாடலைப் போட்டுப் பார்த்தோம், நாங்கள் வைத்திருந்த கிரேடியன்ட் பூஸ்டிங் வகையை மிஞ்சவில்லை. வாடிக்கையாளர் புகாரின் வகையைச் சேர்த்தபோது துல்லியம் ஒரேயடியாக உயர்ந்தது; தேடியபோது, சந்தாவை நிறுத்திய பிறகு பதிவாகும் ஒரு வகை அதில் கலந்திருந்தது, அதாவது விடையே உள்ளே கசிந்திருந்தது, தெரிந்தது. இந்தக் கடைசி வரியை எழுதாமல் வந்திருந்தால், அடுத்தவர் அதே உயர்வைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நேரடியாக ஓடவிட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, எப்போது அணைக்க வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் ஆவணத்தில் மிக முக்கியமான பக்கம் இதுதான். கே.டி.யின்போது என் இடத்துக்கு வந்தவர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார், "இது சரியா வரலன்னு எனக்குத் தோணினா, நிறுத்தலாமா? இல்ல உங்களக் கேக்கணுமா?" கேட்டதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஏனென்றால் கட்டியவர் போன பிறகு மாடலுக்கு ஒருவிதப் புனிதத்தன்மை வந்துவிடுகிறது. ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார், தொட வேண்டாம் என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள்.

கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. தேடல் சொற்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் தொடங்கியது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 2011 ஆகஸ்டு முதல் இருந்த 108 வாரங்களில் 100 வாரங்கள் அது உண்மையைவிட அதிகமாகவே கணித்தது என்று காட்டியது. அதைவிட எனக்கு உறைத்தது இன்னொரு விஷயம்: அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் மூன்று வாரம் பழைய எண்ணை வைத்து எளிய முறையில் கணித்திருந்தாலே அதைவிட நல்ல கணிப்பு கிடைத்திருக்கும். அதனால் எங்கள் அழைப்பு மாடலுக்குப் பக்கத்திலேயே மிக எளிமையான ஒரு கணக்கையும் ஓடவிட்டேன்: போன ஆண்டு இதே வாரம் வந்த அழைப்புகள், வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்தியது. அறிக்கையில் இரண்டின் பிழையும் அருகருகே வரும். தொடர்ந்து சில வாரங்கள் எளிய கணக்கு மாடலை ஜெயித்தால், மாடலை அணைத்துவிட்டு எளிய கணக்குக்கு மாறிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். அணைக்கும் வழிமுறையையும் ஒரே கட்டளையாக்கி, அவரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சந்தா மாடலுக்கு, உள்ளே வரும் ஃபீச்சர்களின் (மாடலுக்குக் கொடுக்கும் விவரங்களின்) பரவல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டும் பி.எஸ்.ஐ. அளவு. 0.1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.25-ஐத் தாண்டினால் நின்று பார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகப் பின்பற்றும் தோராய விதி. தோராயம் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

நோட்டீஸ் காலத்தில் மாடலை மேம்படுத்த வேண்டாம். கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் கிளம்பும் நேரத்தில் புதிய பதிப்பை ஓடவிட்டால், அதன் நடத்தை எப்படி என்று பார்த்துப் பழகியவர் ஒருவருமே அங்கே இருக்கமாட்டார். அந்த நேரத்தை வேறு ஒன்றுக்குச் செலவிடலாம்: என் இடத்துக்கு வந்தவரை ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாடலை முழுவதுமாக மறுபடி பயிற்றுவிக்கச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல், அவர் எங்கே நிற்கிறார், எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். காணாமல் போன மதிப்புகளுக்கு -1 போட்டிருந்த இடத்தில் அவர் நின்றார். அதை சராசரியால் நிரப்பினால் நன்றாக இருக்குமே என்றார். பழைய கணக்கு முறையிலிருந்து மாற்றப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் அந்த மதிப்பு இருக்காது, அந்த -1 தானே ஒரு தகவல். எனக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்ததால் எழுதவே தோன்றவில்லை. ஆவணத்தின் பாதி, இப்படி அவர் நின்ற இடங்களிலிருந்து எழுதப்பட்டது.

இனி, கூட எடுத்து வருவதைப் பற்றி. வேலை நேரத்தில், நிறுவனத்தின் டேட்டாவில் கட்டிய மாடல் பொதுவாக நிறுவனத்துடையது. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். அந்தோணி லெவண்டோவ்ஸ்கி என்ற பொறியாளர் கூகுளின் தானோட்டி கார் திட்டத்தை 2016-இல் விட்டுப் போனபோது சுமார் 14,000 கோப்புகளை இறக்கிக்கொண்டு போனார் என்று, அந்தத் திட்டத்திலிருந்து உருவான வேமோ நிறுவனம், அவர் பிறகு சேர்ந்த ஊபர்மேல் வழக்குத் தொடுத்தது. 2018-இல் ஊபர் தன் பங்குகளைக் கொடுத்து அந்த வழக்கில் சமரசம் செய்துகொண்டது. வணிக ரகசியத் திருட்டுக்காக 2020-இல் லெவண்டோவ்ஸ்கிக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு ஜனாதிபதியின் மன்னிப்பு கிடைத்தது. நாம் அந்த அளவுக்குப் போகமாட்டோம் என்று தோன்றலாம். ஆனால், டேட்டா இல்லையே, மாடல் கோப்பு மட்டும்தானே என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. கே-நியரஸ்ட் நெய்பர் (புதியவரை அவரைப் போன்ற பழையவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கும்) மாடல் என்பதே பயிற்சி டேட்டா முழுவதும்தான். எஸ்.வி.எம். என்ற இன்னொரு வகை மாடல்கள் பலவற்றுக்குள் பயிற்சி வரிசைகளில் ஒரு பகுதி அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பை எடுத்து வந்தால் வாடிக்கையாளர்களின் விவரங்களையே எடுத்து வந்ததாகத்தான் ஆகும்.

எடுத்து வரக்கூடியது வேறு. குழுவால் எத்தனை பேரை அழைக்க முடியும் என்பதுதான் கட்-ஆஃபைத் தீர்மானிக்கிறது என்ற புரிதல் என்னுடையது. கணிப்பை வைத்துத் தலையீடு செய்யும் மாடலுக்குக் கன்ட்ரோல் குழு இல்லாமல் உயிரில்லை என்ற நம்பிக்கை என்னுடையது. ஃபீச்சர் பட்டியல், அவற்றின் எடைகள், வாடிக்கையாளர் எண்ணிக்கை, நிறுவனம் வெளியே சொல்லாத வருவாய் எண்கள் எதுவும் என்னுடையவை இல்லை. நேர்காணல்களிலும் இதே கோட்டில்தான் நின்றேன். மாடலின் துல்லியம் எவ்வளவு என்று கேட்டார்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாது, எப்படி அளந்தோம் என்று சொல்கிறேன் என்றேன். அந்த பதிலுக்குப் பிறகுதான் உரையாடல் சூடுபிடித்தது.

புதிய இடத்தில் எனக்காக வேறொருவர் விட்டுச் சென்ற மாடல் காத்திருந்தது. நிரல் சுத்தமாக, பார்க்க அழகாக இருந்தது. ஏன் இந்த மூன்று மாதங்களை மட்டும் பயிற்சியிலிருந்து நீக்கியிருக்கிறார், ஏன் இந்த ஒரு பிரிவுக்கு மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குகிறார் என்பதற்கு எங்கும் ஒரு சொல் இல்லை. அவரை யாரும் தொடர்பு கொள்ளவில்லை; தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார்கள். பெருக்கலை எடுத்துவிட்டு ஒரு சிறு பகுதியில் மட்டும் ஓட்டிப் பார்த்து, பழைய விடையோடு ஒப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதற்குள் நுழைய முடிந்தது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வருபவர் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் நேரில் உணர்ந்தது அங்கேதான்.

பழைய இடத்திலிருந்து எப்போதாவது செய்தி வரும். இதற்கு எனக்கு ஒரு விதி உண்டு: ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்டால் நினைவிலிருந்து சொல்வேன், டேட்டாவையோ நிரலின் படத்தையோ அனுப்பினால் திறக்கமாட்டேன், அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். புதிய முதலாளிக்கும் இது தெரியும், முதல் வாரத்திலேயே சொல்லி வைத்தேன். அப்படி வந்த செய்திகளில் ஒன்று, அழைப்பு மாடலை அணைத்துவிட்டு எளிய கணக்குக்கு மாறிவிட்டோம் என்பது. புதிய கட்டண முறை வந்த பிறகு பழைய டேட்டா எதற்கும் உதவவில்லையாம். என்னைக் கேட்காமலே முடிவெடுத்திருந்தார்கள், அணைத்து சில வாரங்கள் ஆன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மாடலுக்காக எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன், அதன்மேல் எனக்கு இன்னும் பாசம் உண்டு. இருந்தாலும் அந்தச் செய்தி வந்த அன்று நாள் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தா மாடலை மட்டும் புதிய டேட்டாவில் மறுபடி கட்டுகிறார்கள். அதற்காக என் இடத்துக்கு வந்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கன்ட்ரோல் குழுவின் அளவைக் கொஞ்சம் கூட்டலாமா? கூட்டலாம், மார்க்கெட்டிங் தலைவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று பதில் அனுப்பினேன்.